உலாவும் வாக்கும்: காவிரிச் சமவெளி அரசியலில் தோற்றப்பொலிவும் வசீகரமும்

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் வெற்றிக்குத் தோற்றப்பொலிவும் வசீகரமும் எந்த அளவிற்குத் துணைநிற்கின்றன என்னும் வினாவிற்குத் தமிழகத்தை எளிய சான்றாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. திரைமுகம் கண்டு வாக்களிக்கும் நிலம் என்பது அக்கூற்றின் சாரம். காவிரிச் சமவெளியின் இலக்கிய மரபையும் தேர்தல் வரலாற்றையும் இணைத்து நோக்கினால் இக்கூற்று நிலைபெறவில்லை. திருக்குறள், பழமொழி நானூறு, சோழர் மெய்க்கீர்த்திகள், ஒட்டக்கூத்தரின் உலாக்கள் ஆகியவை ஆள்வோரின் தோற்றத்தை எவ்வாறு மதிப்பிட்டன என்பதை இக்கட்டுரை முதலில் ஆராய்கிறது. அதன் ஒளியில், 1989ஆம் ஆண்டுச் சட்டப்பேரவைத் தேர்தலில் திருவையாற்றில் சிவாஜி கணேசன் அடைந்த தோல்வியை விளக்க முற்படுகிறது. காணப்படுதல் வேறு, அணுகப்படுதல் வேறு. முன்னது பின்னதாக மாறும் இடத்திலேயே வசீகரம் அரசியல் ஆற்றலாகிறது என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: வசீகரம், தோற்றப்பொலிவு, உலா, மெய்க்கீர்த்தி, இறைமாட்சி, திருவையாறு, சிவாஜி கணேசன், காவிரிச் சமவெளி.

முன்னுரை

1989 ஜனவரியில் நடைபெற்ற தமிழகச் சட்டப்பேரவைத் தேர்தலில் திருவையாறு தொகுதியில் நடிகர் சிவாஜி கணேசன் போட்டியிட்டார். அவருடைய குடும்பத்தின் பூர்விகம் தஞ்சை மாவட்டம். தஞ்சைக்கு அருகிலுள்ள சூரக்கோட்டையில் அவர்களுக்குப் பண்ணையும் இல்லமும் உண்டு. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகளாகத் தமிழர் அறிந்த முகம் அவருடையது. தஞ்சைப் பெரியகோயிலை எடுப்பித்த மன்னனாகவே அவர் 1973இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தில் தோன்றியிருந்தார். தஞ்சை வட்டாரத்தில் வாக்குக் கேட்க இதனினும் பொருத்தமான முகம் வாய்ப்பது அரிது. ஆயினும் தி.மு.க. வேட்பாளர் துரை. சந்திரசேகரனிடம் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அவர் தோற்றார்.

இத்தோல்வி பெரும்பாலும் ஒரு நடிகரின் வாழ்க்கைக் குறிப்பாகவே பேசப்பட்டு வந்துள்ளது. ‘அவருக்கு அரசியல் தெரியவில்லை’ என்னும் ஒரு வரியோடு அப்பேச்சு முடிந்துவிடும். ஆனால் தோற்றம், புகழ், சொந்த மண் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த ஒருவர் தோற்றது தனிமனிதச் செய்தி மட்டுமன்று. தமிழக அரசியலைத் திரைக்கவர்ச்சியால் விளக்கும் கோட்பாடு தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டிய இடம் அது. அச்சோதனைக்கு வேண்டிய கருவிகள் அம்மண்ணின் இலக்கியங்களிலேயே உள்ளன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

தோற்றப்பொலிவு, வசீகரம்: சொற்பொருள் வரையறை

தோற்றப்பொலிவும் வசீகரமும் ஒன்றென மயங்குவது இத்துறை ஆய்வுகளில் காணப்படும் முதற்குறை. தோற்றப்பொலிவு உடலின்பாற்பட்டது, தனித்திருக்கும்போதும் ஒருவரிடம் இருக்கக்கூடியது. வசீகரமோ உறவின்பாற்பட்டது, ஏற்பவர் இன்றி அது இல்லை. செர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் அதிகார வகைகளைப் பகுத்தபோது, வசீகரத் தலைமை பின்பற்றுவோரின் ஏற்பினால் நிலைபெறுகிறது என்றும், தன்னைத் தொடர்ந்து மெய்ப்பித்துக்கொள்ளாத வழி அது தேய்கிறது என்றும் விளக்கினார். தலைவருக்குப் பின்னர் அது அமைப்பாகவோ மரபுரிமையாகவோ உருமாறினாலன்றி எஞ்சாது என்பதும் அவர் கருத்து. ஆக, வேபரின் வரையறையில் அழகுக்கு இன்றியமையாத இடம் ஏதுமில்லை.

முகத்தோற்றம் பற்றிய அண்மைக்கால ஆய்வுகள் வேறு வழியில் செல்கின்றன. அலெக்சாண்டர் டோடொரோவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், வேட்பாளர்களின் ஒளிப்படங்களை நொடிப்பொழுது கண்டவர்கள் யாரைத் ‘திறமையானவர்’ எனக் கருதினார்களோ அவர்களே அமெரிக்க மேலவைத் தேர்தல்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் வென்றிருந்தனர். பின்லாந்துத் தேர்தல்களை ஆராய்ந்து 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு, திறமைத் தோற்றத்தைவிட அழகே வெற்றியோடு கூடுதலாகத் தொடர்புற்றிருப்பதைக் கண்டது. லென்சு, லாசன் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வோ, அரசியல் செய்திகளைக் குறைவாக அறிந்து தொலைக்காட்சியை மிகுதியாகக் காண்போரிடமே இவ்விளைவு செறிந்திருப்பதைக் காட்டியது.

இம்முடிவுகளைத் தமிழகத்திற்கு அப்படியே பொருத்துவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. டோடொரோவின் ஆய்வில் முகங்களைக் கண்டவர்களுக்கு அவை முன்பின் அறியாத முகங்கள். திருவையாற்று வாக்காளர் 1989இல் கண்டது அறியாத முகமன்று. பல நூறு பாத்திரங்களின் பொருளை ஏற்கெனவே சுமந்திருந்த முகம். அறியாத முகம் ஓர் ஊகத்தைத் தூண்டும். அறிந்த முகம் ஒரு நினைவைத் தூண்டும். ஊகம் வாக்காக மாறும் வழியும் நினைவு வாக்காக மாறும் வழியும் ஒன்றல்ல.

நரை முடித்த சோழன்

காவிரியோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்த பெயர் கரிகாலன். கல்லணையை மரபு அவன் பெயரிலேயே வழங்குகிறது. யானைகளுக்குக் காலன் என அப்பெயருக்கு விளக்கம் தருவோரும் உளர் எனினும், தீயில் கால் கருகியவன் என்பதே மரபில் ஊன்றிய பொருள். அப்பொருளைக் கொண்டால், சோழநாடு தன் தலைசிறந்த வேந்தனை ஓர் உடற்குறையால் பெயரிட்டு நினைவில் வைத்திருக்கிறது என்பது நோக்கத்தக்கது. வடு அவனுடைய மாட்சியைக் குறைக்கவில்லை. பகையைக் கடந்து வந்தவன் என்பதற்குச் சான்றாக அவன் பெயரிலேயே நின்றுவிட்டது.

அவனோடு இணைத்துக் கூறப்படும் மற்றொரு செய்தி இவ்வாய்விற்கு மேலும் நெருக்கமானது. வழக்குரைக்க வந்த முதியவர்கள், இளையவனாகிய மன்னன் தீர்ப்பளிக்க வல்லவனல்லன் எனக் கருதியதால், அவன் நரைமுடி அணிந்து முதியவனாகத் தோன்றி வழக்கைக் கேட்டு முடிவு கூறினான் என்னும் செய்தியைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. அச்சோழனைக் கரிகாலன் என உரைமரபு கொள்கிறது.

இக்கதை தோற்றத்தின் ஆற்றலை மறுக்கவில்லை, முழுமையாக ஒப்புக்கொள்கிறது. தோற்றம் பொருந்தாவிடில் நீதியும் நம்பப்படாது என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான். ஆனால் அவன் பூண்டது அழகன்று, முதுமை. இளமைப்பொலிவை மறைத்து நம்பகத்தின் குறியை அணிந்தான். கண்டவர் ஒருவரின் முகத்திலிருந்து திறமையை ஊகிக்கின்றனர் என்னும் 2005ஆம் ஆண்டு ஆய்வுக்கு இக்கதை நெடுங்காலத்திற்கு முந்தைய இணை. கதையின் எஞ்சிய பகுதி அவ்வாய்வைக் கடந்தும் செல்கிறது. நரைமுடி வழக்காளரை அமரச் செய்தது. அவர்கள் ஏற்றுக்கொண்டதோ தீர்ப்பை. தோற்றம் செவிசாய்க்க வைக்கும் அளவிற்கே பயன்பட்டது.

தூதனின் உருவும் வேந்தனின் எளிமையும்

திருக்குறள் இவ்வேறுபாட்டைக் கோட்பாடாகவே வகுத்திருக்கிறது. இறைமாட்சி அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களிலும் அரசனின் அழகு பேசப்படவில்லை. அஞ்சாமை, ஈகை, அறிவு, ஊக்கம், தூங்காமை, கல்வி, துணிவு என அவனுக்குரியவை அடுக்கப்படுகின்றன. பொருள் வரும் வழிகளை இயற்றி, ஈட்டி, காத்து, வகுத்தளிக்கும் திறன் கூறப்படுகிறது. செவிக்குக் கசப்பான சொற்களைப் பொறுத்துக்கொள்ளும் பண்பும் வேண்டப்படுகிறது. பார்வை தொடர்பாக அரசனிடம் வள்ளுவர் வேண்டுவது ஒன்றே: காண்பதற்கு எளியனாக இருத்தல் (386).

அதே நூலின் தூது அதிகாரத்தில் நிலை மாறுகிறது. தூது செல்பவனுக்கு அறிவு, உரு, ஆராய்ந்த கல்வி ஆகிய மூன்றும் வேண்டும் என்கிறார் வள்ளுவர் (684). உரு என்பதற்குக் கண்டவர் விரும்பும் தோற்றம் எனப் பொருள் காண்கிறார் பரிமேலழகர். ஆக, அழகின் பயனை வள்ளுவர் அறியாதவரல்லர். அதற்குரிய இடத்தை வரையறுத்தவர். அறியாதார் அவையில் குறுகிய பொழுதிற்குள் ஒரு செய்தியை ஏற்கச் செய்ய வேண்டியவனுக்குத் தோற்றம் தேவை. நாடோறும் குறைகேட்க வேண்டியவனுக்குத் தேவை அணுகத்தக்க எளிமை. வினைத்திட்பம் அதிகாரத்தில் உருவத்தின் சிறுமை கண்டு இகழலாகாது என்பதற்குத் தேரின் அச்சாணியை உவமையாக்குவதும் (667) இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது.

‘காட்சிக்கு எளிமை’ என்பதில் காட்சி என்னும் சொல் ஆளப்படும் முறை கூர்ந்து நோக்கற்பாலது. ஆள்பவன் எவ்வாறு காட்சியளிக்கிறான் என்பதன்று இங்குப் பேசப்படுவது. அவனைக் காண விழைபவனுக்கு வழி திறந்திருக்கிறதா என்பது. பார்க்கப்படும் பொருளாகிய அரசனிடமிருந்து பார்க்க வரும் குடியிடம் அச்சொல் மையத்தை நகர்த்துகிறது. திருவாரூரில் வைத்து வழங்கப்படும் மனுநீதிச் சோழன் கதையில் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்குவதும் இக்கருத்தின் உருவகமே. அக்கதையில் மன்னனின் முகம் எவருடைய நினைவிலும் இல்லை, மணி இருக்கிறது. மாவட்ட நிருவாகம் இன்று நடத்தும் குறைகேட்பு முகாமிற்கு ‘மனுநீதி நாள்’ எனப் பெயரிடப்பட்டிருப்பது அந்நினைவின் தொடர்ச்சி.

மெய்க்கீர்த்தியும் உலாவும்

சோழப் பேரரசுக் காலத்தில் ஆள்வோரின் உருவைச் சொல்லாலமைத்த வகைமைகளுள் முதன்மையானவை மெய்க்கீர்த்தியும் உலாவும். முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற மெய்க்கீர்த்தி, கோயிற் சுவர்களில் நிலக்கொடை, வரிநீக்கம் முதலிய ஆவணங்களின் முகப்பாக வெட்டப்பட்டது. இராசராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச்சாலை, வேங்கைநாடு, கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம் என வெற்றிகளை நிரல்படுத்துகிறது. நிலமகளும் திருமகளும் அவனுக்கு உரியவராயினர் என்னும் உரிமை கூறப்படுகிறதேயன்றி அவனுடைய முகம் வருணிக்கப்படவில்லை. ஊரார் நாடோறும் எதிர்கொள்ளும் ஆவணத்தில் அரசன் செயலாகவே இடம்பெற்றான்.

உலா இதற்கு நேர்மாறானது. சேரமான் பெருமாள் நாயனாரின் ஆதியுலாவில் சிவபெருமானுக்குரியதாயிருந்த வீதியுலாவை, ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவருக்கும் உரியதாக்கினார். ‘மூவருலா’ எனத் தொகுத்து வழங்கப்பெறும் இந்நூல்களில் மன்னன் அணிபூண்டு யானைமீது வீதியில் வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் அவனைக் கண்டு மயங்குகின்றனர். பருவத்திற்கேற்ப மயக்கத்தின் தன்மை வேறுபடுகிறது. மயக்கம் மட்டும் மாறுவதில்லை. அழகை அரசியலாக்கும் கலை தமிழில் திரைப்படத்தோடு தொடங்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

உலாவைக் கவர்ச்சியின் கொண்டாட்டமாக மட்டும் வாசிப்பது வழக்கம். அதன் கட்டமைப்பு வேறொன்றையும் சொல்கிறது. உலாவில் மன்னன் நிற்பதில்லை, கடந்து செல்கிறான். மகளிர் காண்கின்றனர், கலங்குகின்றனர், வளை நெகிழ நிற்கின்றனர். அவன் அவர்களுள் எவருடைய குறையையும் கேட்பதில்லை. ஏழு பருவத்தார்க்கும் ஒரே விளைவைத் தரும் ஈர்ப்பு, எவரோடும் தனித்த உறவை உண்டாக்காத ஈர்ப்பும் ஆகும். உலாவின் அழகியல் முழுவதும் இத்தொலைவை நம்பியே எழுகிறது. மன்னன் யானையிலிருந்து இறங்கி ஒரு வாயிலில் நின்று பேசத் தொடங்கினால் உலா முடிந்துவிடும். வேறோர் இலக்கியம் தொடங்கிவிடும்.

அவ்வுலா மன்னர்களின் முன்னோனாகிய முதலாம் குலோத்துங்கனுக்கு மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்பது. பேரனையும் கொள்ளுப்பேரனையும் மயங்கி நோக்கிய வீதி ஏட்டில் தங்கியது. சுங்கம் நீங்கிய நிம்மதி பெயராகவே தங்கியது.

திருவையாறு 1989

இப்பின்னணியில் திருவையாற்றுத் தேர்தலை மீண்டும் நோக்கலாம். 1946இல் அண்ணாவின் ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் நடித்த கணேசனுக்குச் ‘சிவாஜி’ என்னும் பெயரை வழங்கியவர் பெரியார். திராவிட இயக்க மேடையில் முகம் பெற்ற அவர், 1950களின் நடுப்பகுதியில் அச்சூழலிலிருந்து விலகினார். பின்னர்க் காமராசரின் பற்றாளராகக் காங்கிரசுக்காக உழைத்தார். 1982இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பெற்றார். எம்.ஜி.ஆர். மறைவுக்குப்பின் ஜானகி அமைச்சரவையைக் காங்கிரசு ஆதரிக்காததை ஒட்டி விலகி, 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கினார். அக்கட்சி தேர்தலைச் சந்தித்தபோது அதற்கு ஓராண்டு அகவை. ஜானகி தலைமையிலான அ.தி.மு.க. அணியோடு அது கூட்டுச் சேர்ந்தது. முன்னணிக்கு ஓரிடமும் கிட்டவில்லை. ஜானகி அணியும் பெருந்தோல்வி கண்டது.

முதற்காரணம் அவருடைய கலையின் இயல்பிலேயே உள்ளது. சிவாஜியின் நடிப்பு, தன்னைப் பாத்திரத்துள் கரைக்கும் நடிப்பு. கட்டபொம்மன், வ.உ.சி., அப்பர், நாகசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரம் என அவர் ஏற்ற ஒவ்வொன்றிலும் காண்போர் பாத்திரத்தைக் கண்டனர். பின்னர் அதை ஆக்கிய திறனை வியந்தனர். வியப்பு கலைஞனைச் சேரும். பாத்திரத்தின் அறம் கலைஞனைச் சேராது. ‘ராஜராஜ சோழன்’ படத்தைக் கண்டவர் அவரை இராசராசனாகக் கருதவில்லை. இராசராசனாக நடிக்க வல்லவராகவே கருதினர். எம்.ஜி.ஆரின் படங்களிலோ பாத்திரம் மாறினாலும் மனிதர் மாறுவதில்லை. மது அருந்தாத, ஏழையைக் காக்கும், தாயைப் போற்றும் ஒருவரே படகோட்டியாகவும் உழவராகவும் தொழிலாளியாகவும் மீண்டும் மீண்டும் வந்தார். நடிப்புக்கலையின் அளவுகோலில் குறையாகக் கருதப்படக்கூடிய அது, அரசியலின் அளவுகோலில் மூலதனமாயிற்று.

இரண்டாவது காரணத்தை மக்கள் வழங்கிய பெயர்கள் காட்டுகின்றன. அண்ணாதுரை ‘அண்ணா’ ஆனார். கருணாநிதி தொண்டரை ‘உடன்பிறப்பே’ என விளித்தார். எம்.ஜி.ஆர். ‘வாத்தியார்’ எனவும், ஜெயலலிதா ‘அம்மா’ எனவும் அழைக்கப்பெற்றனர். உறவுப்பெயரும் ஆசானின் பெயரும் கடமையைக் குறிக்கும் பெயர்கள். அவற்றால் அழைப்பவருக்குக் கேட்கும் உரிமையும் கிடைக்கிறது. சிவாஜிக்கு நிலைத்ததோ ‘நடிகர் திலகம்’ என்னும் பட்டம். அது உயர்ந்த பட்டம், ஆனால் கலைக்குரியது. திலகத்தைப் போற்றலாம், அதனிடம் வாய்க்காலுக்குத் தண்ணீர் கேட்கும் வழக்கமில்லை. தமிழின் பெண் தலைமைக்கு இவ்வுறவுப்பெயர் மேலும் ஒரு பணி செய்தது. உலா மரபில் பார்க்கப்படும் தலைவன் ஆண். பார்க்கும் பெண்ணே ஆள்பவளாக வருகையில், அவள்மீது விழும் பார்வையை உறவாக மாற்ற ‘அம்மா’ என்னும் விளி உதவிற்று.

மூன்றாவது காரணம் அமைப்பு. அத்தேர்தலே இதற்கு ஓர் ஒப்பீட்டுக் களமாக அமைந்தது. திரையுலகத் தொடர்புடைய நால்வர் அதில் முன்னணியில் நின்றனர். கருணாநிதியும் ஜெயலலிதாவும் வென்றனர். சிவாஜியும் ஜானகியும் தோற்றனர். முன்னவர் இருவருள் ஒருவர் திரைக்கதை உரையாடல் ஆசிரியர், மற்றவர் முன்னணி நடிகை. பின்னவர் இருவரும் முன்னாளில் திரையில் ஒளிர்ந்தவர்கள். அழகாலோ திரைப்புகழாலோ இப்பகுப்பை விளக்க இயலாது. கருணாநிதிக்குப் பின்னே கிளைக்கழகங்கள் இருந்தன. ஜெயலலிதா 1983 முதல் அ.தி.மு.க.வின் கொள்கை பரப்புச் செயலாளராகத் தொண்டரிடையே இயங்கியிருந்தார். ஜானகிக்கு எம்.ஜி.ஆரின் துணைவியார் என்னும் உரிமை இருந்தும், எம்.ஜி.ஆர். வென்ற ஆண்டிபட்டியிலேயே தோல்வி நேர்ந்தது. வசீகரம் தானாக மரபுரிமையாவதில்லை என்னும் வேபரின் எச்சரிக்கைக்கு இது தக்க எடுத்துக்காட்டு.

எம்.ஜி.ஆர்.: அழகின் வெற்றியா?

இங்கு எழும் இயல்பான மறுப்பு எம்.ஜி.ஆர். என்னும் பெயரே. இளமையில் கும்பகோணத்தில் வறுமையோடு வளர்ந்து ஆனையடிப் பள்ளியில் பயின்ற அவரின் வெற்றி, தோற்றப்பொலிவின் வெற்றியாகவே பலராலும் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அவருடைய தேர்தல் வாழ்வின் இரு முதன்மையான படிமங்கள் வேறு கதை சொல்கின்றன. 1967 ஜனவரியில் சுடப்பட்டு மருத்துவமனையில் இருந்தபோது, கழுத்தில் கட்டோடு அவர் காணப்பட்ட படமே சுவரொட்டியாயிற்று, பரங்கிமலையில் வென்றார். 1984இல் அமெரிக்காவில் மருத்துவம் பெற்றுக்கொண்டிருந்தபோது, நோயுற்ற நிலையிலான அவருடைய காணொளிப் பதிவுகள் ஊர்தோறும் காட்டப்பட்டன. தொகுதிக்கு வாராமலே ஆண்டிபட்டியில் வென்றார். இரு தேர்தல்களிலும் மக்கள் கண்டது பொலிவுற்ற உடலையன்று, காயமுற்ற உடலை. கால் கருகியவனைப் பெயராக்கிய மண்ணுக்கு இது புதிதன்று.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆர். படிமம் பற்றி எழுதிய நூல், அப்படிமம் திரைக்கதை, ரசிகர் மன்றம், கட்சி ஆகியவற்றின் கூட்டாக்கம் என்பதை விரிவாக நிறுவியது. உழைக்கும் மக்களின் நலனுக்கு அது ஒரு பொறியாயிற்று எனவும் விமரிசித்தது. படிமம் ஆக்கப்பட்டது என்னும் முதற்பகுதி இங்கு முழுமையாக ஏற்கத்தக்கது. மக்கள் அதில் சிக்கினர் என்னும் இரண்டாம் பகுதிக்குத் திருவையாறு ஒரு வரம்பிடுகிறது. படிமத்திற்கு மயங்குவதே வாக்காளரின் இயல்பெனின், அதனினும் வலிய நடிப்பாற்றலுக்கு அவர்கள் 1989இல் மயங்கியிருக்க வேண்டும். அவர்கள் தேர்ந்தனர். 1972 அக்டோபரில் அ.தி.மு.க. தொடங்கப்பட்டபோது ரசிகர் மன்றங்கள் கட்சிக் கிளைகளின் பணியை ஏற்க ஆயத்தமாயிருந்தன; படிமத்தை அணுகுவதற்கு ஊரிலேயே ஒரு வாயில் இருந்தது. சிவாஜியின் மன்றங்கள் நெடுங்காலம் காங்கிரசின் வாயிலில் நின்றவை. தமக்கென வாயில் அமைக்க அவற்றிற்குக் கிடைத்தது ஓராண்டே.

முகமல்லாத ஈர்ப்பு: குரலும் உடனுறைவும்

காவிரிச் சமவெளியில் வேரூன்றிய தலைமைகளை நோக்கினால் தோற்றப்பொலிவின் பங்கு மேலும் சுருங்குகிறது. திருக்குவளையில் பிறந்த கருணாநிதி 1957இல் காவிரிக்கரையிலுள்ள குளித்தலையிலும், 1962இல் தஞ்சாவூரிலும், பிற்காலத்தில் 2011, 2016 தேர்தல்களில் திருவாரூரிலும் வென்றார். தாம் போட்டியிட்ட சட்டப்பேரவைத் தேர்தல் எதிலும் அவர் தோற்றதில்லை. அவருடைய ஈர்ப்பு முகத்தைவிடக் குரலிலும் எழுத்திலும் தங்கியது. 1962இல் தஞ்சையில் அவர் காங்கிரசின் பரிசுத்த நாடாரை வென்ற அதே தேர்தலில், தமிழகத்தின் மிகப்பெரும் பேச்சாளராகிய அண்ணா காஞ்சிபுரத்தில் தோற்றார் என்பதையும் மறத்தலாகாது. குரலின் வசீகரமும் தொகுதியில் தானாக வாக்காவதில்லை.

இதனினும் தெளிவான சான்று பி. சீனிவாசராவ். கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அவர் 1940களில் தஞ்சை மாவட்டத்திற்கு வந்து, குத்தகை உழவரையும் பண்ணையாட்களையும் செங்கொடியின்கீழ்த் திரட்டினார். சாணிப்பால், சவுக்கடி என்னும் கொடுமைகள் நடைமுறையாயிருந்த நிலத்தில் அவற்றை எதிர்த்து நிற்கும் துணிவை அவ்வியக்கம் தந்தது. 1952ஆம் ஆண்டின் தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தின் பின்னணியில் அப்போராட்டங்கள் உள்ளன. திரைமுகமோ, இம்மண்ணின் உறவுமுறையோ, தாய்மொழியாகத் தமிழோ அவருக்கு இல்லை. சேரிகளில் உடனுறைந்ததே அவருடைய வசீகரம். நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி வட்டாரங்களில் பொதுவுடைமைக் கட்சிகள் பல தேர்தல்களில் பெற்ற வெற்றிகள் இவ்வடித்தளத்தின்மீது எழுந்தவை.

ஆற்றுப்பாசன வேளாண்மையின் இயல்பும் இங்குக் கருதத்தக்கது. மேட்டூர் அணை திறக்கும் நாள், கடைமடைக்கு நீர் சேரும் நாள், கொள்முதல் நிலையத்தில் நெல் எடைபோடப்படும் நாள் என உழவரின் ஆண்டு பிறர் எடுக்கும் முடிவுகளோடு பிணைந்துள்ளது. ஒவ்வொரு முடிவுக்கும் யாரையேனும் காண வேண்டியுள்ளது. இத்தகைய வாழ்வில் ‘காட்சிக்கு எளியவர்’ என்பது அறநூற் சொல் மட்டுமன்று, அன்றாடத் தேவை. திருவையாற்றில் வென்ற துரை. சந்திரசேகரன் பின்னர் 2016, 2021 தேர்தல்களிலும் அங்கேயே வென்றார் என்பது இதனோடு இணைத்துப் பார்க்கத்தக்கது.

மறுப்புகளும் வரம்புகளும்

இவ்வாதத்திற்கு இரு மறுப்புகள் கூடும். முதலாவது, 1989இல் தி.மு.க. 234 இடங்களுள் 150 இடங்களைப் பெற்றது. அவ்வலையில் யார் நின்றிருந்தாலும் தோற்றிருப்பர் என்பது. இது வலிய மறுப்பு. எனினும் அது இக்கட்டுரையின் முடிபை மறுக்கவில்லை. கட்சிகளின் பிளவும் கூட்டணிக் கணக்கும் முகத்தின் ஈர்ப்பை விஞ்சின என்பதே அதன் பொருள். ஈர்ப்பு தனித்து நின்று அலையை எதிர்க்கும் ஆற்றலன்று என்பதை அம்மறுப்பும் ஒப்புகிறது.

இரண்டாவது, ஒரு தொகுதியின் ஒரு தேர்தலிலிருந்து பொதுவிதி காணலாகாது என்பது. அதுவும் ஏற்கத்தக்கதே. திருவையாறு ஒரு விதியை நிறுவவில்லை; நிறுவப்பட்டதாகக் கருதப்பட்ட விதி ஒன்றைத் தகர்க்கிறது. திரைக்கவர்ச்சி போதும் என்னும் கூற்றிற்கு ஓர் எதிர்ச்சான்றே போதும். தோற்றம் பயனற்றது என்பதும் இதன் முடிபன்று. திரையரங்கைத் தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துகளமாகக் கார்த்திகேசு சிவத்தம்பி கண்டார். அக்களத்தில் ஒரு முகம் பெறும் அறிமுகம் வேறெவ்வழியிலும் எளிதிற் கிட்டாதது. அறிமுகம் முதற்படி; அதை ஏறியவர் அனைவரும் வீட்டிற்குள் நுழைந்துவிடுவதில்லை.

முடிவுரை

அரசியல் வெற்றியில் தோற்றத்திற்கு இடமுண்டு. அவ்விடம் தூதனின் இடம். அறியாதாரைச் செவிசாய்க்கச் செய்ய அது உதவும். சோழன் ஒருவன் நரைமுடி அணிந்ததும், நொடிப்பொழுதில் முகத்தை எடைபோடும் இக்கால வாக்காளர் பற்றிய ஆய்வுகளும் இதனையே உணர்த்துகின்றன. வசீகரம் அதனின் வேறானது. ஏற்பவரோடு கொள்ளும் உறவு அது. குரலிலோ காயத்திலோ உடனுறைவிலோ அது பிறக்கலாம். அமைப்பாலும் செயலாலும் நிலைபெற வேண்டும்.

தமிழக வாக்காளரைத் திரைக்கு மயங்கியவர் எனச் சுருக்கும் ஆய்வுகள், ஏழு பருவ மகளிராக மட்டுமே மக்களைக் கண்ட உலாக் கவிஞரின் பார்வையைத் தம்மையறியாமல் மேற்கொள்கின்றன. உலாவில் வீதிக்கு மயங்குவதன்றி வேறு வினையில்லை. மக்களாட்சியில் அவ்வீதிக்கு வாக்கு உண்டு. திருவையாற்று மக்கள் 1989இல் ஒரு மாபெரும் கலைஞரை இகழவில்லை. அவருக்குரிய வியப்பை அவருக்கும், தம் குறைகேட்கும் பொறுப்பை வேறொருவருக்கும் அளித்தனர். இவ்விரண்டையும் பிரித்தறிந்த அவர்களின் தேர்வு, தமிழக அரசியல் ஆய்வில் இன்னும் உரிய இடம் பெறவேண்டியுள்ளது.